பதினெட்டாவது பெயர்

பதினேழு பெயர்களைப் பேனாவே எழுதிவிடும்.
பதினெட்டாவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆரப்பாளையம் ஐஸ் கம்பெனிக்குக்
கணக்கெழுத வந்தவன் நான்.
முதலாளிக்கு ஹாக்கிப் பைத்தியம்.
அணிக்கு ஒரு மேனேஜர் வேண்டும் என்று
கரண்ட் போன ஒரு மத்தியானம் கூப்பிட்டார்.
"விளையாடத் தெரியுமா?"
"தெரியாது சார்."
"நல்லது. யார் மேலயும் பொறாமை வராது."

இருபத்தாறு வருஷம்.
சனிக்கிழமை ராத்திரி
ஐஸ் வண்டியைக் கழுவி
ஈர மரத்தூள் வாசத்தோடு ஆட்களை ஏற்றுவேன்.
ஸ்டிக்குக்கு, பேட்டாவுக்கு, புரோட்டாவுக்குக்கூட
ரசீது வைத்திருக்கிறேன்.
முட்டி வீங்கினவனுக்கு மட்டும்
எங்களிடம் எதுவும் பற்றாக்குறை இல்லை.

அமல்தாஸைக் கோவில்பட்டியிலிருந்து
இரண்டு ஜோடி ஷூவுக்கும்
தங்கச்சி காலேஜ் பீஸுக்கும் அழைத்து வந்தேன்.
ரயில்வேக்காரர்கள்
பென்ஷனோடு ஒரு வேலை காட்டி அழைத்துப் போனார்கள்.
விடுவிப்புக் கடிதத்தை நானே டைப் அடித்தேன்,
தேதியில் மட்டும் ஒரு பிழை.

சடையாண்டி விஷயம் வேறு.
திருநகர் ஃபைனலுக்கு முந்தின ராத்திரி
அவன் பெயரை அடித்து
பத்தொன்பது வயது இத்ரீஸை எழுதினேன்.
காலையில் பட்டியலைப் பார்த்தான்.
ஏன் என்று கேட்கவில்லை.
ஸ்டிக் மூட்டையை வண்டி மேல் ஏற்றிக்
கயிறு கட்டினான்,
முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.
இறங்கும்போது சொன்னான்:
"அண்ணே, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு."

ஜெயித்தோம்.
இத்ரீஸ்தான் கோல் போட்டான்.
நான் செய்தது சரி.
இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்,
கேட்காதவர்களிடமும்.

போன மார்ச்சில் கம்பெனி கைமாறியது.
அணியையும் சேர்த்தே வாங்கினார்கள்,
கூலிங் டவர், ஜெனரேட்டர், நாங்கள்.
லேப்டாப்போடு வந்த பையன்
என்னை உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது.
"இத்தனை வருஷமா நீங்க..." என்று ஆரம்பித்தான்.
அது என் வாக்கியம்.
நாற்பத்தோரு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
அடுத்து அவன் தண்ணீர் நகர்த்துவான் என்று நினைத்தேன்,
நகர்த்தினான்.

சாவிக் கொத்தை மேஜையில் வைத்துவிட்டு
வாசலுக்கு வந்தேன்.
அவனுடைய வெள்ளைக் கார் வேப்ப மரத்தடியில் நின்றது.
சுற்றி வந்து குனிந்து
நாலு டயரையும் பார்த்தேன்.

காற்று சரியாகத்தான் இருந்தது.