முன்விரோதம்

பாவாத்தாள் சொன்னது இவ்வளவுதான்:
"கடை சாத்தற வரைக்கும்
ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல உக்காந்து
பழம பேசீட்டு இருந்தாங்க."

நான் எழுதினேன்.
கோத்தகிரி ஸ்டேஷனில் ரைட்டராக
அது எனக்கு ஒன்பதாவது நாள்.
திருச்செந்தூர் வெயில் இன்னும் தோளைவிட்டு இறங்கவில்லை,
விரல் மட்டும் விறைத்திருந்தது.
மூன்று பிரதியிலும் அழுந்த விழும்படி எழுதினேன்:
'பழைய விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.'

பழைய விஷயம்னா என்ன, என்றார் இன்ஸ்பெக்டர்.
கொடுக்கல் வாங்கலா, வரப்புத் தகராறா, பொம்பளையா?
தெரியவில்லை ஐயா என்றேன்.
தெரியாததற்கென்று எங்கள் இலாகாவில்
ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது.
முன்விரோதம் காரணமாக.

அரவேணுப் பள்ளத்தில்
தேயிலைச் செடிகளுக்குள் முகம் புதைந்து
கிடந்தான் மாதப்பன்.
மேலே சாலையில் ஒற்றைச் செருப்பு.
அன்றிரவு மிஸ்ட் எவ்வளவு என்று நிரப்ப
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
கடைசியாகக் கூட இருந்தவன் சென்னியப்பன்,
மேட்டுப்பாளையம் லாரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றுகிறவன்.
குன்னூர்ச் சிறையில் பதினேழு நாள்.

அதில் பன்னிரண்டாம் நாள்
நைட் டியூட்டிக்கு முன்னால் டீக்குப் போனேன்.
செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
போண்டா மாவுக் கையோடு பாவாத்தாள்
திருப்பூர் மகளிடம்:
"சாப்பிட்டயா? செரி.
அப்பறம், வேறென்ன பழம?"

ஸ்பீக்கர் சத்தம். எனக்கும் கேட்டது.
கம்பெனியில் ஓவர்டைம்,
பக்கத்து ரூம் பூனை நாலு குட்டி போட்டது,
பஸ்ஸில் ஒருத்தன் இவள் பையிலேயே வாந்தி.
எல்லாம் அன்றைக்கு நடந்தது.
ஒன்றுகூடப் பழையதில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.
"ஏனுங்க, சூடில்லீங்களா?"
"அன்னைக்கு அவங்க என்னம்மா பேசினாங்க?"
"அதாஞ் சொன்னனுங்களே, பழம.
கேரட்டு வெலை.
மாதப்பனுக்குப் பல்லு வலி.
கரடி வந்து கோயில் வெளக்கெண்ணையைக்
குடிச்சுப் போட்டுப் போயிருச்சுன்னு
அதுக்கு ரெண்டு பேரும் அந்தச் சிரிப்பு."

விழுப்புரத்துக்காரர் இன்ஸ்பெக்டர்.
"பழமைன்னா பழமைதான்யா, அகராதியைக் காட்டு."
காட்டினேன்.
தொன்மை இருந்தது, நெடுநாள் உறவு இருந்தது.
பல்வலி இல்லை.

ஆனாலும் கூடுதல் வாக்குமூலமாக
நாலு வரி சேர்த்தேன்.
நாலு வரி
பதினேழு நாளை எங்கே போய்த் தூக்கும்.

ஜாமீனில் தினமும் காலை பத்து மணிக்கு
கையெழுத்துப் போட வருகிறான் சென்னியப்பன்.
போட்டதும் பேனாவை மூடி
மூடி இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து
நோட்டின் மேல் வைப்பான்.

வியாழக்கிழமை நல்ல மழை.
போக முடியாமல் வாசலோரம் நின்றான்.
பேச வேண்டும்போல இருந்தது எனக்கு.
கேட்டேன்.
என் ஊர் நாக்கில் அந்தச் சொல்
முழு ஐகாரத்தோடு, சாட்சிக் கூண்டில் மாதிரி
விறைப்பாக எழுந்து நின்றது:
"என்ன பழமை?"

என் முகத்தைப் பார்த்தான்.
கையிலிருந்த பேனாவைப் பார்த்தான்.

"எழுதிக்குவீங்களாங்க?"