பூக்கள் வெய்யோவுக்கு

அந்த மொழியில் பூ என்றால் மலர் இல்லை.
நிற்கிற பைன் பூ.
அறுத்துச் சாத்திய பலகையும் பூ.
சவுனாவுக்குப் பின்னால்
தகரம் போட்டு மூடிய விறகும் பூ.

சாய்மி செத்த வாரம்
ரொட்டி டப்பாவில் கிடைத்தது
மின்கட்டண ரசீது ஒன்று.
முதுகில் பென்சிலால் இரண்டு வரி:
வீடு துவோவிக்கு.
பூக்கள் வெய்யோவுக்கு.
கீழே சாட்சிக் கையெழுத்து,
தபால்காரியும் அவள் கணவனும்.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
அந்த ஒரு சொல்லைத் தவிர.

"விறகைத்தான் சொன்னாள்" என்றாள் துவோவி.
"பூ கொண்டு வா, பூ கொண்டு வா என்று
நாளுக்கு மூன்று தடவை ஏவுவாள்.
ஒருநாளாவது காட்டைத் தூக்கி வந்தேனா?"

"காட்டைத்தான்" என்றான் தம்பி.
"காற்று அடிக்கிற ராத்திரி ஜன்னலில் நின்று
பூ விழப்போகிறது என்பாள்.
அடுக்கின விறகுக்கா அப்படிப் பயந்தாள்?
நாற்பது ஹெக்டேர், துவோவி."

கயானி நகரத்து வக்கீல் கெர்த்து
அகராதியைத் திறந்தாள்,
விரல் வைத்து எண்ணினாள்,
மூடினாள்.
தீர்ப்பு வரும்வரை
யாரும் வெட்டக் கூடாது,
யாரும் எரிக்கக் கூடாது.

நம்மிடமும் பாதி வழக்கு இருக்கிறது.
மரத்தடியில் தூங்குகிறோம்,
மரக்கட்டிலிலும் தூங்குகிறோம்.
ஆனால் அடுப்புக்குப் போகிறபோது மட்டும்
பேரை மாற்றிவிடுவோம்,
ஆளைப் பிணம் என்பதுபோல.
சாய்மிக்கு அந்த வசதி இல்லை.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
யாரும் வெட்டக் கூடாத மரங்களில் ஒன்று
பனி தாங்காமல் மின்கம்பியில் சாய்ந்தது.
விளக்கு போயிற்று, சூடு போயிற்று.
வெய்யோ வீட்டுக்கும் அதே கம்பி,
அங்கே அடுப்பும் கிடையாது.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பனிச்சறுக்குக் கட்டையில் வந்து
கதவைத் தட்டினான்.
மூன்று மாதத்தில் முதல் பேச்சு:
"மீசை உறைஞ்சுபோச்சு."

ஜன்னல் வழியாக இருவரும்
விறகடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அவன் ஒரு கட்டை எடுத்தாலும்
பங்கு அதுதான் என்று ஒப்புக்கொண்டதாகும்.
அவள் எடுத்தால்,
அவள் வாதப்படியே
திருட்டு.

விரல்கள் மரத்துப்போயின.
இதற்கு அவர்கள் சொல்லும்
பூவிலிருந்துதான் பிறக்கிறது.
நமக்கு மரத்துப்போவது
அவர்களுக்குப் பூத்துப்போகிறது.

துவோவி எழுந்து
சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.
"இது வீட்டுச் சாமான். என்னுடையது."
"இதுவும் பூதான்" என்றான்.
"அப்படியானால் நீயே உடை."

கோடாரி அவன் கையில்,
தீப்பெட்டி அவள் கையில்.
கால்கள் சீக்கிரம் எரிந்தன.
உட்காரும் பலகையில் ஒரு கணு,
குழந்தைகளாக இருந்தபோது
இருவர் தொடையையும் உறுத்தியது.
ஓக்ஸா.
கிளைக்கும் அதே பேர்தான் அங்கே.
பிசின் சீறி, நீலமாக,
எல்லாம் சாம்பலான பிறகும்
அரைமணி நேரம் அது நின்று எரிந்தது.
இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் மின்வாரிய ஆட்கள் வந்தார்கள்.
யாருடையது என்று கேட்கவில்லை.
ஏழு நிமிடத்தில் மரத்தை மூன்றாக அறுத்து
சாலையோரம் உருட்டிவிட்டுப் போனார்கள்.
அந்த மூன்றும் இப்போது என்ன என்று
கெர்த்துவுக்குப் போன் செய்தான் வெய்யோ.
வெகுநேரம் அவள் பேசவில்லை.

ஏப்ரலில் சொத்துப் பட்டியல் திரும்பி வந்தது.
கடைசியில் புதிதாக ஒரு வரி:
முக்காலி, ஒன்று. எரிந்தது.
வகை என்ற கட்டத்தில்
யாரோ பென்சிலை வைத்து
எடுத்திருந்தார்கள்.
ஒரு புள்ளி.