ஊருணி யுத்தம்

கடலுக்குப் போகப் பணம் போதவில்லை.
பள்ளத்தூர் ஊருணியில்
மூன்று தகரக் கப்பல்களை மிதக்கவிட்டார்
காமிராக்காரர் துரைசிங்கம்.

பீரங்கிப் புகை நான்தான்.
கழுத்தளவுத் தண்ணீர், கறுப்புப் படுதா,
இரண்டு கட்டு ரங்கூன் சுருட்டு.
இருமினால் பிலிம் வீண்.
ஒரு கப்பல் நிஜமாகவே முழுகிவிட்டது;
எடுக்க ஆளில்லை.

ஆறு மாசம் கழித்துச் சந்தைத் திடலில் கொட்டகை.
வெள்ளைக்காரன் கப்பல் கவிழ்கையில்
திரையோரம் அல்லி இலை ஒன்று அசைந்தது.
‘நம்ம ஊருணிடோய்!’
ஒரே சீட்டி, சிரிப்பு.

மெய்யம்மை ஆச்சி மட்டும்
திரையையே பார்த்திருந்தாள்.
பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போன ஆம்பளையான்
எந்தக் கடலில் என்று
வந்த தந்தியில் இல்லை.

மறுநாள் விடியலில்
குடத்தோடு படியிறங்கினவள்
தகரம் கிடந்த துறையில் நின்றாள் கொஞ்சம்.
பிறகு
எதிர்க்கரைக்குச் சுற்றிப்போய்
மொண்டாள்.