மூச்சு நின்ற இடம்

பெகுவில் இரவு பதினொன்றுக்கு
"மீ லா பீ!" என்று தெருவே கத்தும்.
கரண்ட் வந்துவிட்டது.
அதற்குப் பிறகுதான் சோறு, தண்ணீர் மோட்டார்,
போனுக்குச் சார்ஜ்.
அன்றைக்கு டாக்டரும்.

எட்டாயிரம் சாட், போனிலேயே முன்பணம்.
கிளினிக் என்றால் பதினைந்தாயிரம்,
சைக்கா வாடகை தனி,
பெஞ்சில் தொலையும் அரைநாள் கூலிக்கு
ரசீதே கிடையாது.
கணக்குப் போட்டது நான்.
வலி அவருக்கு.

திரையில் வந்தவள் பெயர் நிலா சோ.
பர்மாக்காரருக்கு அது நீலக்கல்.
என் காதுக்கு வேறென்னவாகக் கேட்கும்?
எந்த ஊரிலிருந்து பேசுகிறாள் என்று சொல்லவில்லை.
அவளுக்குப் பின்னால் தகரத்தில் மழை விழுந்தது.
எங்கள் ஊரில் அன்று மழையில்லை.
நான் கேட்கவில்லை.
சில கேள்விகளை இங்கே
நோயாளிகள் கேட்பதில்லை.

"கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டுங்கள்.
மஞ்சளாக இருக்கிறதா?"
எங்கள் பல்பே மஞ்சள்.
என்னத்தைச் சொல்ல?
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"உங்கள் கையைக் கொடுங்கள்" என்றாள்.

"வலது விலா முடிகிற இடம்.
நான்கு விரலும் உள்ளே போகட்டும்.
இப்போது மூச்சை இழுக்கச் சொல்லுங்கள்."

இருபத்தாறு வருஷம்.
முதுகு தேய்த்திருக்கிறேன்.
காய்ச்சலில் நெற்றி பார்த்திருக்கிறேன்.
கோபத்தில் பிடித்துத் தள்ளியும் இருக்கிறேன்.
தேடுவதற்காக
ஒருநாளும் தொட்டதில்லை.

மூச்சு உள்ளே இறங்கி வந்தது.
என் விரல் நுனியில் முட்டி
நின்றுவிட்டது,
செக்போஸ்ட்டைப் பார்த்த பஸ் மாதிரி.
தவசிலிங்கம் என்னையே பார்த்தார்.
ஏதோ சொல்ல வாய் திறந்த டாக்டரும்
சிக்னல் போய், திறந்த வாயோடு
கல்லாக நின்றாள்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

திரும்பி வந்ததும் சொன்னாள்:
"பித்தப்பையாக இருக்கலாம்.
இதற்கு மேல் என் கை எட்டாது.
நாளைக்கே நேரில் போங்கள்."

டோக்கன் நாற்பத்தேழு.
வாசலில் ஜெனரேட்டர் புகை, உள்ளே டெட்டால்.
பக்கத்தில் இருந்த மோன் பெண்
தன் சிறுநீரகத்தின் கதை முழுவதையும் சொல்லி
பாதி ஆரஞ்சைப் பிட்டுக் கொடுத்தாள்.
ஒரு பிள்ளை என் செருப்பில் வாந்தி எடுத்தது.
அதன் அம்மா தனக்காக வைத்திருந்த தண்ணீரில்
என் காலைக் கழுவினாள்.
போனில் இதெல்லாம் நடக்காது.
இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

மூன்றரை மணி நேரம் காத்திருந்ததற்கு
நான்கு நிமிஷம்.
வழக்கமாகத் திரைச்சீலைக்கு வெளியே
அவர் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு நிற்பவள் நான்.
அன்று யாரும் கூப்பிடாமலே உள்ளே போனேன்.
டாக்டர் எழுதிக்கொண்டே ஒரு கையால் அமுக்கினார்.
"கொஞ்சம் மேலே, டாக்டர்."
அப்போதுதான் தலை நிமிர்ந்தது.
பேனாவை வைத்துவிட்டு
நான் சொன்ன இடத்தில் அமுக்கினார்.
அதே மூச்சு, அதே இடத்தில்.
"யார் சொல்லிக்கொடுத்தது?"

அவள் பெயரை நான் சொல்லவில்லை.
கையைக் காட்டினேன்.

பையோடு எடுத்துவிட்டார்கள்.
பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்,
பதினோரு கல்,
பட்டாணி அளவில், கறுப்பாக.

எது தேவலை, போனா கிளினிக்கா என்று
எதிர்வீட்டு மருதாயி கேட்கிறாள்.
அவளுக்கு மூட்டுவலி.
எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
ஆரஞ்சு இனிப்பாக இருந்தது என்றேன்.
முறைத்துவிட்டுப் போனாள்.

"கல் எடுத்தாயிற்று, டாக்டர்" என்று
அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.
இன்னும் போய்ச் சேரவில்லை என்கிறது போன்.
ஐந்து வாரம் ஆகிறது.

"மீ லா பீ!" என்று தெரு கத்தும்போது
முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.
அரிசியை அதற்கப்புறம் களைகிறேன்.