சம உயரக் கோடு

பள்ளத்தூரில் உட்கார்ந்து மலை வரைகிறேன்.
ஊர்ப் பெயரைக் கேட்டு
சென்னை அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
சம்பளம் ஏழாம் தேதி வந்துவிடுகிறது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை,
இரண்டு திரை, முனகுகிற மின்விசிறி.
ஒன்றில் வானத்திலிருந்து எடுத்த படம்,
மற்றதில் நான் இழுக்கும் பழுப்புக் கோடு.
எந்த நாட்டு வனப் பூங்கா என்பதை
வெளியே சொல்லக் கூடாதென்பது ஒப்பந்தம்.
பனி இருக்கிறது.
கரடி எச்சரிக்கைக் குறியை
பதினொரு இடத்தில் வைத்திருக்கிறேன்.

கோடுகள் நெருங்கினால் செங்குத்து.
விலகினால் நடக்கலாம்.
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால்
தப்பு என்னுடையது.
எட்டு மாதத்தில் ஏறிய உயரத்தையெல்லாம்
கூட்டினால் வானம் முடிந்துவிடும்.
கால் வலித்ததில்லை,
வலது மணிக்கட்டுதான்.

கோடையில் வற்றும் ஓடையை
விட்டுவிட்டுப் போட்ட நீலக்கோடாகக் காட்ட வேண்டும்.
பயிற்சியில் அதை மட்டும்
எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு மதியம் சும்மா
எங்கள் ஊர்த் தாளைத் திறந்தேன்.
வெள்ளை.
மேல் மூலையில் ஒரே ஒரு பழுப்புக் கோடு
உள்ளே எட்டிப் பார்த்து,
ஒன்றுமில்லையென்று
வந்த வழியே திரும்பியிருந்தது.
இருபது மீட்டருக்கு ஒரு கோடென்பது கணக்கு.
இருபது மீட்டருக்கு நாங்கள் எங்கே போவோம்?

தெருவில் மலை என்று ஒருவர்தான்,
ஆட்டோ ஓட்டும் சோலைமலை.
தண்ணீர்த் தொட்டி மேலேறிக் கைநீட்டி
அந்தா பிரான்மலை என்றார்.
எனக்குத் தெரிந்தது ஒரு கறை.
மேகமாகவும் இருக்கலாம்.
"மலைதான் ஆத்தா" என்றார்,
மீட்டருக்கு மேல் கேட்கிற குரலில்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
விடாமல் பெய்து, கரண்ட் போய்,
பனிமலைகள் இரண்டு திரையிலும் அணைந்தன.
விடிந்து இறங்கினால்
கடைக்குள் முழங்கால் தண்ணீர்.
நாச்சம்மை ஏ-ஃபோர் கட்டுகளை
மேசைமேல் அடுக்கிக்கொண்டே
பஞ்சாயத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
தெரு நெடுக முழுக்கு,
மெடிக்கல் ஷாப் வாசல் மட்டும் வெறும் ஈரம்.

அங்கே போய் நின்றேன்.
இந்தப் பக்கம் விழுகிற மழை
குப்பைமேட்டைச் சுற்றி ஊருணிக்குப் போகிறது.
அந்தப் பக்கம் விழுவது
ரேஷன் கடை, சீமைக் கருவேல், கண்மாய்,
கலுங்கு தாண்டினால் எங்கேயோ பாம்பாறு,
அதற்குப் பிறகு கடல்.
நடுவில் இரண்டு எட்டு அகலத்துக்குத் தார்.
செருப்பைக் கழற்றி
பக்கத்துக்கு ஒன்றாக விட்டேன்.
ஒன்று ஊருணிக்குப் புறப்பட்டது.
மற்றது கொஞ்சம் யோசித்துவிட்டுக்
கடலுக்கு.

நான் கண்டுபிடித்ததாக நினைத்த முகட்டில்
எனக்கு முன்பே கூட்டம்.
ஏழு நாய்கள், சண்டை போடாமல்.
குட்டியோடு ஒரு வெள்ளாடு.
சாக்கடையிலிருந்து ஏறிவந்த உடும்பு,
அதை யாரும் துரத்தவில்லை,
அதுவும் யாரையும் பார்க்கவில்லை.
ஷட்டர் இடுக்கில் வரிசையாகத் தேள்கள்.
சோலைமலையின் ஆட்டோ
ராத்திரி பத்து மணிக்கே வந்து நின்றதாம்.
நுழைவுச் சீட்டு இல்லை.
எச்சரிக்கைக் குறி இல்லை.

நீர் வடிந்த மறுநாள்
தையல் டேப்பும் நூலுமாகப் போய்
நடுரோட்டில் மண்டியிட்டு அளந்தேன்.
நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
நூல் தொய்ந்திருந்தால்
நாற்பது.

மெடிக்கல்காரர் எட்டிப் பார்த்து
என்னம்மா அளக்கிறீங்க என்றார்.
மலை என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு
மாத்திரை ஏதும் வேணுமா என்று கேட்டார்.

மணிக்கட்டுக்குப் பட்டை இருந்தால்
ஒன்று கொடுங்கள் என்றேன்.
வலது கைக்கு.