பிரதியில் விழும் கோடு

எழும்பூரில், ஆவணக் காப்பகத்துக்கு எதிர்ச்சாரியில்
ஜெராக்ஸ் கடை. பதினெட்டு வருஷம்.
செத்துப்போனவர்களை
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு
இரட்டிப்பாக்கித் தருகிறேன்.
மெஷின் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு.
எல்லாப் பிரதியிலும் மெல்லிசாய் ஒரு கோடு விழும்.
யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

போன மாசியில் டர்பனிலிருந்து ஒரு ரிட்டயர்டு நர்ஸ்.
பெயர் பெவர்லி மார்டிமூட்டூ.
மார்டி என்பது எந்த ஊர், மூட்டூ என்பது எந்தக் குலம்
என்று இங்கிலீஷில் கேட்டார்.
எனக்கு என் முழங்கால்தான் ஞாபகம் வந்தது.

அதற்கு முந்தின ஐப்பசியில், குடையில்லாமல்,
ரீயூனியன் தீவின் டாக்ஸிக்காரர் ஒருவர்: மர்தேமுத்தூ.
அதற்கும் முன்னால்
ஃபிஜியில் பிறந்து சிட்னியில் வீடு கட்டியவர்: மாரதமட்.
மூன்று கப்பல், மூன்று பேரேடு,
மூன்றிலும் தகப்பன் பெயர்ப் பத்தியில்
ஒரே சத்தம், வெவ்வேறு எழுத்தில்.
கேட்டவன் ஒருவன், சொன்னவன் ஒருவன்,
எழுதியவனுக்குப் பசி நேரம்.

ஒரே மருதமுத்துவா, மூன்று மருதமுத்துவா
யாருக்குத் தெரியும்.
அன்றைக்குத் தென்னாற்காட்டில் ஒரு கல்லை விட்டெறிந்தால்
ஏதாவதொரு மருதமுத்து மேல்தான் பட்டிருக்கும்.

பெவர்லியின் தாளில் இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயது.
அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு.
படித்ததும் அவர் கை தன் புருவத்துக்குப் போனது.
தழும்பு வாரிசுக்கு வராது.
எழுத்துப்பிழை வரும்.

ஊருமில்லை, குலமுமில்லை, மேடம், என்றேன்.
அது ஒரு ஆள். அந்தப் பையனின் அப்பா.
பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த ஆள்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து
ம-ரு-த-முத்து, ம-ரு-த-முத்து என்று
வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.
நாலாவது தடவை சரியாக வந்தது.
ஐந்நூறு ரூபாய் நீட்டினார்.
என்னிடம் சில்லறை இல்லை.

அவரிடம் நான் சொல்லாதது:
என் மகன் கபிலனுக்கு இனிஷியல் கு.
அது என் பெயர்.
சூளை ஸ்கூலில் சேர்க்கும்போது
அப்பா பேர் என்று டீச்சர் பேனாவோடு காத்திருந்தார்.
அம்மா பேர் எழுதுங்கள் என்றேன்.
பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

பாஸ்போர்ட் ஆபீஸில் அந்த ஒற்றை எழுத்து செல்லவில்லை.
குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம்,
காலியாக விட்டால் வெளிநாட்டில் அவஸ்தை என்றார்கள்.
பையன் எழுத்தைப் பிரித்து, என்னை முழுசாக
அதற்குள் உட்காரவைத்தான்.

இப்போது நார்வேயில் அவன் மிஸ்டர் குருவம்மா.
ஆபீஸில், பேங்கில், பல் டாக்டரிடத்தில்
மீசை வைத்தவனை அம்மா அம்மா என்று கூப்பிடுகிறார்கள்.
போனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

நேற்று வாட்ஸ்அப்பில் பேத்தியின் பிறப்புச் சான்றிதழ்.
இங்க்ரிட் குருவம்மா.
ஐம்பத்திநாலு செ.மீ.

பிரிண்ட் எடுத்தேன்.
பிரிண்டைக் கண்ணாடியில் வைத்து ஒரு நகலும் எடுத்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.
பழக்கதோஷத்தில் கணக்கு நோட்டில் இரண்டு ரூபாய் எழுதினேன்.

நூறு வருஷம் கழித்து
குருவாம் என்றோ குர்வமா என்றோ ஒருத்தி
இந்தத் தெருவில் வந்து நின்று
அது எந்த ஊர் என்று கேட்கட்டும்.
நான் இருக்கமாட்டேன். கடையும்.

சூடாக வெளியே வந்த தாளில்
குருவுக்கும் அம்மாவுக்கும் நடுவே
அந்தக் கோடு.

முந்தானையால் துடைத்துப் பார்த்தேன்.
கண்ணாடியை அல்ல, தாளை.