கடைசி வண்டி

புந்தா அரெனாசில் டிசம்பர் இரவு
ஒரு குட்டித் தூக்கம்தான்.
பதினொன்றுக்கு இருட்டும், நான்குக்கு வெளுத்துவிடும்.
அந்த இடுக்கில், சரியாக இரண்டு மணிக்கு,
நாளுக்கொரு புதிர் திறக்கிறது.

யெர்கோ மிஹோவிலோவிச் விழித்திருக்கிறான்.
விழித்திருக்கத்தான் சம்பளம்:
படகுத்துறையில் இரவுக் காவல்,
காலைப் படகுக்கு வரும் வண்டிகளை வரிசையாக எழுதுவது.
சாவடிக்குள் ஒரு கெரசின் அடுப்பு,
ஏழாம் எண் பொத்தான் உதிர்ந்த மடிக்கணினி
(ஏழு தேவைப்பட்டால்
பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுவான்),
வெளியே சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்க்கும் காற்று.
பிழைப்பு துறையில்.
பிழை திரையில்.

சரக்குப் பேரேட்டின் கடைசிப் பக்கங்களில்
தினம் ஏதாவது கிறுக்கி வைக்கிறான்.

மூன்று: பத்துக் கம்பம் நட்டால் இடைவெளி ஒன்பது.
வேலி போடுகிறவன்தானே என் தம்பி,
வெட்கப்படாமல் அவனைக் கேட்டிருக்கலாம்.

நான்கு: நிரையை நிரலாக, நிரலை நிரையாக
வாசித்த நிரல் இது. இரண்டு மணி நேரம் போச்சு.

ஆறு: கேள்வியைப் பார்த்தேன். படிக்கவில்லை.

ஏழாம் நாளுக்கு எதுவும் எழுதவில்லை.
அன்று சுழற்சி நிற்கவே இல்லை.
கணினியின் விசிறி ஊளையிட்டதைக்
காற்று என்று நினைத்து
ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு
உட்கார்ந்திருந்தான்.

ஒன்பதாம் நாள் ஆடுகள்.
ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு பத்தி,
மந்தைக்கும் மந்தைக்கும் நடுவே ஒரு வெற்று வரி.
மந்தைதோறும் மிகக் கனத்த ஆட்டின் எடையை எடு,
எல்லாவற்றையும் கூட்டு.
இந்த ஊர்க்காரனுக்கு ஆட்டுக் கணக்கா கசக்கும்?
கால் மணியில் எழுதினான்.
மாதிரிக் கணக்குச் சரியாக வந்தது.
அசல் கணக்கைப் போட்டதும் பதில் வந்தது:
குறைவு.

மாறியின் பெயரை மாற்றினான்.
குறைவு.
வரிக்கு வரி அச்சிட்டுப் பார்த்தான்.
எல்லா மந்தையும் வந்தன, எல்லா ஆடும் வந்தது,
எடை ஒரு கிலோ பிசகவில்லை.
குறைவு.
கணினியைத் திட்டினான், முதலில் ஸ்பானிய மொழியில்,
பிறகு தாத்தாவின் குரோவேசியனில்
தனக்குத் தெரிந்த மூன்றே சொற்களில்.

மூன்று நாற்பதுக்குக் கண்ணாடியில் தட்டல்.
எர்மெலிந்தா கார்க்கமோ,
கம்பளி மூட்டை லாரி,
கையுறைக்குள்ளேயே விரல்களை மடக்கிக்கொண்டு.
"பட்டியலில் என் எண் ஏறிவிட்டதா?"
"அடுத்த வண்டி வந்ததும் ஏறும்.
அது வந்தால் நீங்கள் முன்னே நகர்வீர்கள்,
நகரும்போது எழுதுவேன். அதுதான் வழக்கம்."
அவள் திரும்பிச் சாலையைப் பார்த்தாள்.
விளக்குக் கம்பங்கள், காற்று, ஒரு நாய்.
"எனக்குப் பின்னால் யாருமே வராவிட்டால்?"

யெர்கோ பதில் சொல்லவில்லை.
பேனாவும் கையுமாக
மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெற்று வரி வந்தால்தான் மந்தையை முடிக்கிறது அவன் நிரல்.
கோப்பின் கடைசி மந்தைக்குப் பின்னால்
வெற்று வரி கிடையாது. எதுவுமே கிடையாது.
அந்த ஆடுகள் எல்லாம் எண்ணப்பட்டு, எடை போடப்பட்டு,
கூட்டலின் வாசலில்
அழைப்பார் என்று நின்றுகொண்டிருக்கின்றன.
மாதிரி எப்படித் தப்பியது?
அதைக் கையால் தட்டியவன் இவன்.
முடிந்த பின்னும் ஒருமுறை
என்டர் தட்டும் பழக்கம் இவனுடையது.

முதலில் அவள் எண்ணை எழுதினான்.
(அதில் இரண்டு ஏழு. பேனாவுக்கு அந்தக் குறையில்லை.)
பிறகு ஒரே ஒரு வரி,
சுழற்சிக்கு வெளியே, அதன் காலடியில்.
பச்சைக் குறி விழுந்தது.
"ஜெயித்தால் என்ன தருவார்கள்?"
"இதைவிடக் கஷ்டமான இரண்டாம் பாகம்."
அவள் சிரித்தபடி
அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
நீரிணைக்கு மேலே
வெளிச்சம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

ஒன்பது: வரிசை முடிந்ததா என்று
அடுத்தவரை வைத்து முடிவு செய்யாதே.

மறுநாள் இரவு
அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டினான்.
புதிய கோப்பின் முடிவில்
இந்த முறை ஒரு வெற்று வரி இருந்தது.

பத்து: இல்லாத மந்தை ஒன்றை எண்ணிவிட்டேன்.